இரட்டைத் தையல்

எரிப்பதற்கு ஓர் அமெரிக்கக் கொடி வேண்டும் என்றாள் ஜெசிக்கா.

ஞாயிறு பூசை முடிந்து வந்து மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையில், உப்பைக் கேட்பதுபோலக் கேட்டாள். பின்னேரம் பல்கலைக்கழகப் பிள்ளைகள் போருக்கு எதிராகத் துறைமுகம்வரை ஊர்வலம் போகிறார்கள். பதாகை இருக்கிறது, மேளம் இருக்கிறது, கொடிதான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பலேர்மோவில் எந்தத் துணிக்கடை திறந்திருக்கும்?

பெனடிக்றுக்கு மகளைச் சீண்டாவிட்டால் சோறு இறங்காது.

"உலகத்துக்கு ஒரு காவல்காரன் வேணுமெல்லோ பிள்ளை?"

"காவல்காரன் சும்மா வரமாட்டான் அப்பா. எண்ணெய் இருக்கவேணும், இல்லாட்டி நல்ல துறைமுகம் இருக்கவேணும். ஒண்டும் இல்லாத சனத்துக்காக அவங்கள் எங்கையாவது போயிருக்கிறாங்களோ?"

தாய் செலஸ்ரீனா அள்ளிய சோறு கையிலேயே நின்றது.

இந்தத் துறைமுகக் கதையை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். வன்னியில் போர் முற்றிய 2009இல், பலேர்மோவின் இதே ஒரேத்தோப் பகுதியில், பங்குக் கோயில் மண்டபத்தில். அன்று அது நம்பிக்கையாக இருந்தது. திருகோணமலைத் துறைமுகத்தில் அமெரிக்காவுக்கு எப்போதும் ஒரு கண், அதற்காகவாவது வருவான், கப்பல் வந்து கடற்கரையில் நிற்கும் சனத்தை ஏற்றும் என்றார்கள்.

அந்தச் சனத்துக்குள் செலஸ்ரீனாவின் அக்கா புனிதமலரும் நின்றாள்.

அவர்களுக்கு அந்தத் துறைமுகத்தில் ஆசை வரட்டும், பேராசையே வரட்டும் என்று செலஸ்ரீனா முழங்காலில் நின்று செபமாலை சொன்னாள். ஊரையே விழுங்கட்டும், அக்காவை மட்டும் ஏற்றட்டும். மாதாவிடம் இப்படியும் ஒரு மன்றாட்டு வைக்கலாமா என்று அன்று அவள் யோசிக்கவில்லை.

கப்பல் வரவில்லை. அக்காவின் உடலும் கிடைக்கவில்லை.

"கொடியோ? எங்களிட்டை ஒண்டு கிடக்கெல்லோ!" என்று பெனடிக்ற் எழும்பினார்.

வேண்டாம் என்று செலஸ்ரீனா கண்ணைக் காட்டினாள். அவர் எங்கே கண்டார்! அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேசை இறக்கி, கம்பளிகளுக்கு அடியில் கையை விட்டு இழுத்து, மகளுக்கு முன்னால் விரித்துவிட்டார். நல்லது செய்வதாக நினைப்பு.

சிவப்புக் கோடுகள் நத்தார்ப் பண்டிகை மேசைவிரிப்பில் வெட்டியவை. நீலம் பெனடிக்றின் பழைய வேலைக் காற்சட்டை. நட்சத்திரம் எத்தனை என்று தெரியாமல் இடம் உள்ளமட்டும் ஒட்டியதில் பாதி உதிர்ந்திருந்தது. தைத்த அன்றும் ஒரு ஞாயிறு, கடைகள் பூட்டு, மறுநாள் பொலித்தியாமா சதுக்கத்தில் கூட்டம். அவள் ஒரே இருப்பில் தைத்து முடித்தாள். துணிக்கு என்ன செய்தாய் என்று பெனடிக்ற் அன்று கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

"இது ஆர் தைச்சது?"

"உன்ரை அம்மாதான். பொலித்தியாமாவிலை முன்வரிசையிலை இதைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு, வாங்கோ, வந்து காப்பாத்துங்கோ எண்டு குளறினவ."

ஜெசிக்கா அம்மாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தாலும் பரவாயில்லை. யாரோ தெரியாத மனுசியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"நீங்களோ அம்மா? அவங்களை வரச்சொல்லி நீங்களோ கேட்டனீங்கள்?"

"ஓம். கேட்டனான்."

லிபெர்த்தா வீதியில் சிஞ்ஞோராமாரின், பணக்கார இத்தாலிய எசமானிகளின், குளியலறைகளை இத்தனை வருடம் கழுவியும் குனியாத தலை, பெற்ற பிள்ளைக்கு முன்னால் வெட்கத்தில் குனிந்துபோனது.

எறிய மனமில்லை, வெளியே எடுக்க முகமில்லை. அப்படித்தான் அந்தக் கொடி அலுமாரிக்கு மேலே கிடந்தது.

ஜெசிக்கா அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தாள். இது எரியத்தான் வேணும் என்றாள். கொண்டுபோகட்டும், எரிந்தால் என் வெட்கமும் சேர்ந்து எரியும் என்றுதான் செலஸ்ரீனாவும் முதலில் நினைத்தாள்.

ஆனால் கால் கேட்கவில்லை. மகள் சப்பாத்தைப் போடுவதற்குள் ஓடிப்போய் வாசலை மறித்துவிட்டாள். கையில் கத்தரிக்கோல்.

"பொறு பிள்ளை. வெள்ளையை மட்டும் வெட்டி எடுத்திட்டுத் தாறன். மிச்சத்தை எரி."

"ஏன் வெள்ளையை மட்டும்?"



ஜெசிக்கா கொடியை விரித்து ஒரு வெள்ளைக் கோட்டை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். துணிக்குள் சரிகையில் சின்னச் சின்ன லீலிப்பூ.

திரும்பிச் சுவரைப் பார்த்தாள். அம்மாவின் கலியாணப் படம். வெள்ளைச் சேலை முழுக்க லீலிப்பூ.

அதற்குப் பக்கத்தில், சிறுவயதில் கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்கிய அன்று எடுத்த அவளுடைய முதல் நன்மைப் படம். மற்றத் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் தாயின் கலியாணச் சேலையில் வெட்டித் தைத்த சட்டையோடு நிற்க, அவள் மட்டும் சிஞ்ஞோரா கொடுத்த தொளதொளத்த சட்டையில், இடுப்பில் ஊசி குத்தி நின்றாள். சேலை வீடு மாறும்போது தொலைந்துபோனது என்று அம்மா சொல்லியிருந்தாள். அன்று ஜெசிக்கா அழுத அழுகை இந்த வீட்டுக்கே தெரியும்.



ஜெசிக்கா கத்தரிக்கோலை அம்மாவின் கையிலிருந்து மெல்ல வாங்கினாள்.

"வெட்டாதேங்கோ அம்மா. தையலைப் பிரிப்பம்."

இருவரும் நிலத்தில் இருந்து பிரிக்கத் தொடங்கினார்கள். ஊர்வலத்துக்கு நேரம் வந்து, போயும் விட்டது. ஒரு கோடுகூடக் கழன்று வரவில்லை.

கப்பல் வரும்வரை தாங்கவேண்டும் என்று செலஸ்ரீனா அன்று இரட்டைத் தையல் போட்டிருந்தாள்.