கணக்கு வாத்தியார் கழுத்தில் டேப்

"அண்ணே, முதல்ல அந்த டேப்பைக் கழட்டுங்க! எந்த ஊர்ல கணக்கு வாத்தியார் கழுத்துல இஞ்ச் டேப் தொங்குது?"

"பழக்கதோஷம் டீச்சர்" என்று தையல்காரர் டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் திணித்தார். பாதி உள்ளே போனது. மீதி வெளியே நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

தலைமையாசிரியைக்குக் கை கால் ஓடவில்லை. ஐந்து வகுப்பு, இருபத்துமூன்று பிள்ளைகள், ஒரே அறை. பாடம் நடத்துபவரும் அவர்தான், மணி அடிப்பவரும் அவர்தான். தாமதமாக வந்தால் தன்னைத் தானே கண்டித்துக்கொள்பவரும் அவர்தான். இன்னொரு ஆசிரியர் டவுன் பள்ளிக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு போய் மூன்று வருடமாகிறது. அங்கே பாட்டுக்கு ஒருவர், விளையாட்டுக்கு ஒருவர், கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். இங்கே ஆளுக்குப் பதில் கடிதம்தான் வந்தது. ஆய்வு நாளன்று இரண்டு ஆசிரியர்கள் இல்லையென்றால் பள்ளி மூடப்படுமாம்.

மூடினால் அடுத்த பள்ளிக்குப் பத்து கிலோமீட்டர் நடக்க வேண்டும். நடப்பார்களா பிள்ளைகள்? பாதிப் பேர் மறுநாளே ஆடு மேய்க்கப் போய்விடுவார்கள்.

அதனால்தான் எதிர்க்கடைத் தையல்காரர் இன்று ஒரு நாள் கணக்கு வாத்தியார்.

ஜீப் வந்தது. அதிகாரி தானே ஓட்டி வந்து, பின்பக்கமாக வளைத்து, ஒரே மூச்சில் மர நிழலில் நிறுத்தினார். கோட்டு, கையில் கோப்பு, முத்திரை. பந்தா இல்லாத மனிதர் என்று டீச்சருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"வணக்கம் டீச்சரம்மா. ரெண்டு பேரும் இருக்கீங்களா?"

"இருக்கோம் சார். இவர்தான் கணக்கு சார்."

கணக்கு சாரின் கண் அதிகாரியின் கோட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. "சார், தோள் ரெண்டு இஞ்ச் இறங்குதே? கையும் விரலை மூடுது. யாரு தச்சா?"

டீச்சர் அவர் காலை நறுக்கென்று மிதித்தார். "எதைப் பார்த்தாலும் அளக்கத் தோணும் சார் இவருக்கு. கணக்குல அவ்வளவு ஈடுபாடு!"

அதிகாரி அவசரமாகக் கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு இருமினார். "சரி சரி. பாடம் நடத்துங்க, பார்ப்போம்."

தையல்காரர் சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டார். "பசங்களா, ரெண்டரை மீட்டர் துணி இருக்கு. ஒரு சட்டைக்கு ஒண்ணேகால் மீட்டர். எத்தனை சட்டை?"

"ரெண்டு!"

"முழுக்கையா, அரைக்கையா சார்?" என்றாள் கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி. வகுப்பில் அவள் பெயரே 'சந்தேகம்'.

"அரைக்கைதான். முழுக்கைக்குப் பத்தாது."

அதிகாரிக்கு ஒரே குஷி. "நான் ஒண்ணு கேக்கறேன். லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர் குடுக்கிற ஜீப்பு. நாப்பத்துநாலு கிலோமீட்டர் போக எத்தனை லிட்டர்?"

"நாலு சார்!"

"எந்த ரோட்டுல சார்?" என்றது சந்தேகம். "நம்ம ரோடுன்னா அஞ்சு ஆகும்."

"அதான்மா சரி! ரெண்டாவது கியருக்கு மேல மாத்தவே முடியலையே!" அதிகாரி மேசையைத் தட்டிச் சிரித்தார். பிறகு கோப்பைத் திறந்து, 'ஆசிரியர்கள் இருவர். கணக்குப் பாடம் மிக நன்று' என்று எழுதி, டொப்பென்று முத்திரை குத்தினார்.

டீச்சருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அது முழுசாக உள்ளே போவதற்குள், ஜீப் அருகே போன அதிகாரி திரும்பினார். "ரெண்டு பேரும் இப்படிக் கொஞ்சம் வாங்க. கணக்கு சார், உண்மையைச் சொல்லுங்க. நீங்க டெய்லர்தானே?"

தையல்காரரின் பையிலிருந்து டேப் நழுவித் தரையில் உருண்டது.

"தப்பு என்னுது சார்" என்றார் டீச்சர். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவரை விட்டுடுங்க. என்மேல என்ன நடவடிக்கை வேணாலும் எடுங்க. பள்ளிக்கூடத்தை மட்டும் மூடிடாதீங்க. இந்தப் பிள்ளைங்க பத்து கிலோமீட்டர் நடக்காதுங்க சார்."

அதிகாரி தெருவை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். சட்டென்று கோட்டைக் கழற்றித் தையல்காரர் கையில் கொடுத்தார்.

"அட, அழாதீங்க டீச்சரம்மா. எழுதினது எழுதினதுதான். அண்ணே, இதுல ரெண்டு இஞ்ச் சும்மா பிடிச்சு மட்டும் குடுங்க, சாயந்திரம் பிரிச்சுடணும். இன்னும் நாலு கிராமத்துப் பள்ளிக்கூடம் பாக்கி இருக்கு. அதிகாரி டவுன் பள்ளிக்கூடத்துல ஏசி ரூம்ல உக்காந்து பிள்ளைங்க டான்ஸ் பார்த்துக்கிட்டிருக்காரு. கிராமம்னா மட்டும் கோட்டும் முத்திரையும் குடுத்து என்னை அனுப்பிடுவாரு. நான் அவரோட டிரைவர்."