நாலே முக்கால்

"இருங்க, எண்ணிக்கை தப்பிடுச்சு. மறுபடி முதல்லேர்ந்து," என்றாள் மனைவி.

சகலையின் பந்தயக் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன் பல்லைக் கடித்தான். இது மூன்றாவது தடவை.

மலையைப் புரட்டும் வேலையா இது? காரின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கியாயிற்று. டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, அடியில் ஓடும் ஷாஃப்டில் ஒரு கோடு. அவள் சக்கரத்தைப் பத்து சுற்று சுற்ற வேண்டும். அதற்குள் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று இவன் எண்ண வேண்டும். பத்தால் வகுத்தால், பின்னச்சுக்குள் சகலை மாட்டியிருக்கும் கிரவுன் பினியன் என்ற பல்சக்கர ஜோடி என்ன விகிதம் என்ற குட்டு வெளிப்பட்டுவிடும்.

சகலையைக் கேட்டால் நாலும் சில்லறையும் என்பார். மனைவியின் அக்கா புருஷன்தான், உறவுதான். ஆனால் போட்டிக்காரனிடம் எவனாவது உண்மையைச் சொல்வானா? உள்ளே ஐந்தை வைத்துக்கொண்டு வெளியே நாலு சொல்கிறார் என்பது இவன் கட்சி.

இவன் வண்டியில் இருப்பது நாலே முக்கால். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று அடம்பிடிப்பவர்கள் உண்டு. இவன் முயலுக்கு நாலே முக்கால்.

அதைப் போட்டால் வண்டி வாலில் தீ வைத்த மாதிரி கிளம்பும். கால் மைல் நேர் ஓட்டத்தில் முதல் பாதி முழுக்க இவன்தான் முன்னால். அதற்குப் பிறகு எஞ்சின் உச்சத்தில் அலறும், வேகம் மட்டும் ஏறாது. சகலை சாவகாசமாகப் பக்கத்தில் வந்து, தாண்டிப் போய்விடுவார்.

பந்தயக்காரர்கள் இவனுக்கு வைத்திருக்கும் பெயர் பாதிவழி.

போன முறை தோற்றபோது சகலை தோளில் கை போட்டு, நாலுக்கு இறங்கிப் பாருங்களேன் என்றார். எல்லோர் முன்னாலும் அந்தக் கையைத் தட்டிவிட்டான். அத்தோடு விட்டானா? அடுத்த முறையும் தோற்றால் வண்டியை விற்றுவிடுகிறேன் என்று குடும்பமே கேட்கச் சபதம் வேறு. சொன்ன சொல்லை விழுங்குகிற வழக்கம் அவனுக்கு இல்லை. நாளைக்குப் பந்தயம். வாங்குவதற்கு ஆள்கூட வந்து பார்த்துவிட்டுப் போயாயிற்று. வந்தவன் டயரைக் காலால் உதைத்துப் பார்த்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

சகலை ஊரில் இல்லை, போய் எண்ணிப் பார்த்துவிடலாமே என்று இன்று காலையில் யோசனை சொன்னதே மனைவிதான். கட்டினால் இப்படி ஒருத்தியைக் கட்ட வேண்டும் என்று அப்போது பூரித்துப்போனான்.

ஆனால் வந்த இடத்தில் அக்காக்காரி இலேசில் விடவில்லை. சாப்பிடுங்கள், இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள், வெயில் தாழட்டும் என்று மதியத்தையே முழுங்கிவிட்டாள். பிறகுதான் ஷெட்டைத் திறந்துவிட்டாள். உள்ளே அலமாரியில் உபரி கிரவுன் பினியன் இருக்கும் இடம் காலி. தூசியில் தடம் மட்டும் இருந்தது. ஜெயித்த திமிரில் விற்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டான்.

"ம், சுத்து," என்றான்.

இந்த முறை அவள் ஒழுங்காகச் சுற்றினாள். சாக்பீஸ் கோடு அவன் மூக்குக்கு மேலே வந்து வந்து போயிற்று.

நாற்பத்தொன்று.

பத்தால் வகுத்தான். விரலை மடக்கி இன்னொரு முறையும் வகுத்தான். நாலும் சில்லறையும்.

மனுஷன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

அடியிலேயே கிடந்தான். வெளியே வரவே வெட்கமாக இருந்தது. அவள் காலடி ஓசை ஷெட் வாசல்வரை போய் நின்றது. செல்போனில் அடங்கிய குரலில் பேசினாள்.

"ஆயில் ஊத்திட்டீங்களா, அத்தான்? சரி, சாவிய பூந்தொட்டிக்குக் கீழயே வெச்சிடுங்க. இவருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான், கழட்டி வீசிடுவாரு."

பூந்தொட்டிக்குக் கீழே இருப்பது இவன் ஷெட்டுச் சாவி.

சகலை எந்த ஊருக்கும் போகவில்லை. இவன் ஷெட்டில், இவன் காருக்கு அடியில், இதே மாதிரி மல்லாந்து கிடக்கிறார்.

அலமாரியின் காலி இடம் கண்ணுக்குள் வந்தது. நூற்றுக்கணக்கில் தையல் போட்டாலும் ஒன்று பிசகாத தையற்காரியான மனைவி, பத்துவரை எண்ணத் தெரியாமல் மூன்று முறை தடுமாறியதும் நினைவுக்கு வந்தது.

ஆத்திரத்தில் விருட்டென்று எழுந்தான். நெற்றி பின்னச்சில் நங்கென்று மோதியது. மறுபடி மல்லாந்து விழுந்தான்.

அந்த இடி நல்லதுக்குத்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. வலியால் வந்தது என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கும் கிடைத்தது.

தன்னை ஜெயிக்க வருகிறவனுக்குத் தன் உபரியைத் தூக்கிக்கொடுக்கும் ஆளை இவன் இதுவரை பார்த்ததில்லை. நேரில் கொடுத்திருந்தால் வாங்கியிருப்பானா? அவள் சொன்னதுதான் சரி, கழற்றி வீசியிருப்பான்.

"என்ன சத்தம்? முடிஞ்சுதா, கிளம்பலாமா?" என்று உள்ளே வந்து கேட்டாள்.

அங்கே சகலை ஆயில் ஊற்றியாயிற்று. சக்கரத்தை மாட்ட வேண்டும், ஜாக்கியை இறக்க வேண்டும், கையைத் துடைக்க வேண்டும், கதவைப் பூட்ட வேண்டும். தனியாள். அவசரப்பட்டால் ஏதாவது நட்டை முறுக்க மறந்துவிடுவார்.

"இல்ல, எனக்கும் தப்பிடுச்சு. முதல்லேர்ந்து சுத்து. மெதுவாவே சுத்து."

அவள் சக்கரத்தில் கை வைத்தாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு எண்ண ஆரம்பித்தான்.