ஒரு முறைக்கு இரண்டு குடம்

தெருக்குழாயில் கால் மணி நேரம்தான் தண்ணீர் வரும். வரிசையில் முதலில் நிற்கும் நீல டிரம் நிறையும்போதே குழாய் காற்றை ஊத ஆரம்பித்துவிடும். "வரிசை எல்லாருக்கும் பொதுதானே? தண்ணி வேணும்னா என்கிட்ட விலைக்கு வாங்கிக்குங்க" என்று பின்னால் நிற்கும் குடங்களிடம் சொல்லிவிட்டு டிரம் கிளம்பிவிடும்.

மூன்று நாள் வெறும் வயிற்றோடு திரும்பிய ரோஸ் குடத்துக்குப் பொறுக்கவில்லை. நான்காம் நாள் எல்லாக் குடங்களையும் கூட்டிக்கொண்டு போய்க் குழாயைச் சுற்றி நெருக்கி நின்றுகொண்டது.

"வழி விடு" என்றது டிரம்.

"விடறேன். குழாயும் இருக்கட்டும், வரிசையும் இருக்கட்டும், முதல் இடமும் உனக்கே இருக்கட்டும். ஆனா ஒரு முறைக்கு ரெண்டு குடம் தண்ணிதான். இன்னும் வேணும்னா கடைசியில போய் நில்லு."

"நான் பெரிசா இருக்கிறது என் குத்தமா?"

"இல்ல. அதுக்காக நாங்க காலியாப் போகணுமா?"

வரிசை வழக்கமாக முடியும் தெருமுனையை டிரம் திரும்பிப் பார்த்தது. அதன் குரல் இறங்கிவிட்டது. "அங்க போய் நின்னா, என் முறை வர்றதுக்குள்ள தண்ணி நின்னுடுமே?"

ரோஸ் குடம் இம்மியும் நகரவில்லை.

"இப்பத்தான் உனக்குக் கேக்கத் தோணுச்சா? நாங்க தினமும் அங்கிருந்து அதைத்தான் கேட்டுக்கிட்டிருந்தோம்."