விழவிட்ட பந்து

பந்து விழுந்தது. அவள் கோடு போடவில்லை.

பக்கத்து நாற்காலியில் ஒகமோட்டோ தன் தாளில் ஒரு கோடு போட்டார். பென்சில் கீறும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

மேடையில் இளம்பரிதி அசையாமல் நின்றான். நான்கு பந்துகள் கைகளில். ஐந்தாவது காலடியில். இசை மெலிந்து, ஒரே ஒரு பியானோக் கட்டை மட்டும் விட்டு விட்டு ஒலித்தது. பின்வரிசையில் ஒரு குழந்தை இருமியது.

பிறகு அவன் பந்தைக் கால்விரலால் எற்றிக் கைக்குக் கொண்டுவந்தான். ஐந்தும் மறுபடி மேலே பறந்தன.

திருடன், என்று நினைத்தாள்.

அந்த இடம் அவளுடையது.

நகோயாவில், பல்கலைக்கழக ஜக்ளிங் மன்றத்தில் நான்கு வருடம் அவளும் இளம்பரிதியும் ஜோடி. மன்றத்தில் தமிழ் பேசியவர்களும் அவர்கள் இருவர்தான். பந்து விழக்கூடாது என்றுதான் எல்லோரும் உயிரை விடுகிறார்கள், நாம் விழவிடுவோம் என்று சொன்னவள் அவள். மூன்றாம் நிமிடம், இசை மெலியும்போது ஒரு பந்தைக் கைவிட வேண்டும். நான்கு எண்ணும்வரை நிற்க வேண்டும்.

முதல்முறை ஆடிப் பார்த்த அன்று அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

கிறுக்கு என்றான் அவன். ஆனாலும் ஆடினான்.

ஜூலையில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. இந்த வருட விழாப் போட்டியில் தனியாக ஆடுகிறேன் என்று. தனிநபர் பிரிவில் பெயர் கொடுக்கும் கடைசித் தேதி முந்தின நாளோடு முடிந்திருந்தது. அவன் காத்திருந்து அனுப்பியிருக்கிறான்.

விழா மலரில் அவன் பெயர் இருந்தது. ஆட்ட அமைப்பு என்ற இடத்திலும் அவன் பெயர் மட்டும்.

வராமல் இருக்க அவளால் முடியவில்லை. தொண்டர்கள் பட்டியலில் பெயர் கொடுத்தாள். விழும் பந்துகளைக் குறிக்கும் வேலை கிடைத்தது. ஒரு பந்துக்கு ஒரு கோடு. ஒரு கோட்டுக்கு ஒரு மதிப்பெண் போகும். நானும் இளம்பரிதியும் ஜோடியாக ஆடியவர்கள் என்று காலையிலேயே ஒகமோட்டோவிடம் சொல்லிவிட்டாள். இருபது வருடமாக அந்த நாற்காலியில் உட்காருபவர் அவர்.

“பார்த்ததைத்தானே குறிக்கப் போகிறீர்கள்” என்றார்.

இளம்பரிதிதான் கடைசிப் போட்டியாளன். குனிந்து வணங்கினான். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

ஒகமோட்டோ இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“என்னுடையதில் ஒரு கோடு. உங்களுடையதில் ஒன்றும் இல்லை.”

பென்சில் அவள் கையில்தான் இருந்தது. ஒரு கோடு. யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. முதலிடம் அவன் கைவிட்டுப் போகும். அவனுக்கு வேண்டும். நன்றாக வேண்டும்.

ஆனால் கோடு போட்டால் அந்த இடம் தவறு என்று ஆகிவிடும்.

“மூன்றாம் நிமிடத்தில் விழுந்தது தவறு இல்லை” என்றாள். “வேண்டுமென்றே விடுவது. எனக்குத் தெரியும்.”

பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஒகமோட்டோ தன் கோட்டை அழித்தார். ரப்பர்த் துகளை ஊதிவிட்டார்.

தண்ணீர் தேடி மேடைக்குப் பின்னால் போனாள்.

ஆடை மாற்றும் இடத்தில், திரைக்கு அந்தப் பக்கம் தமிழ் கேட்டது. அவன் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தான். சுற்றியிருப்பவர்களுக்குப் புரியாது என்ற தைரியம். சத்தமாகவே பேசினான்.

“நல்லா வந்துச்சுக்கா. அநேகமா ஃபர்ஸ்டுதான். நடுவுல ஒண்ணு கைநழுவிப் போச்சு. அப்படியே வெலவெலத்து நின்னுட்டேன்... இல்லல்ல, அவளோட அந்தக் கிறுக்கையெல்லாம் ஆகஸ்ட்லயே தூக்கிட்டேன். பந்தைக் கீழ போடறதுக்கா மேடைக்கு வர்றோம்? இது சும்மா நழுவுனது. நல்லவேளை, எவனும் கண்டுக்கல.”

மறுமுனையில் அக்கா ஏதோ கேட்டிருக்க வேண்டும். அவன் சிரித்தான்.

“அவளா? வரலக்கா. வந்து என்ன பண்ணப் போறா?”

அவள் கை திரையைப் பிடித்திருந்தது.

ஒரே இழுப்பு. எதிரே அவன் நிற்பான். ஜூலையிலிருந்து சேர்த்துவைத்த வசவுகள் இருந்தன. எல்லாம் தமிழில். அவனைத் தவிர யாருக்கும் புரியாது.

அவள் இழுக்கவில்லை.

திருடியிருந்தால்கூடத் தேவலை. திருடியதைக் கேட்டு வாங்கலாம். அவன் தூக்கி எறிந்திருக்கிறான். மேடையில் அவள் தன்னுடையது என்று நம்பிய அந்த நான்கு எண்ணிக்கையும் அவனுடைய பயம்.

அதற்காக அவள் வாதாடியிருக்கிறாள்.

திரையை விட்டாள். நடந்தாள். பிறகு ஓடினாள். கூடத்துத் தரையில், வாசலில் தந்த இரவல் செருப்பு பட்பட்டென்று அடித்தது. ஜக்ளிங் கட்டைகளைச் சுழற்றிப் பழகிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் விலகி வழிவிட்டார்கள்.

ஒகமோட்டோ தாள்களை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஒகமோட்டோ சான். அந்தப் பந்து. அது விழுந்ததுதான்.”

அவர் நிமிர்ந்தார். “தெரியும் என்று சொன்னீர்களே.”

“தப்பாகச் சொல்லிவிட்டேன். கைநழுவியது என்று அவனே சொல்கிறான். இப்போதுதான் கேட்டேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவளுக்கு மூச்சு வாங்கியது. முகம் கொதிப்பது அவளுக்கே தெரிந்தது. அவருக்கும் தெரியாமல் இருக்காது.

ஒலிபெருக்கியில் முடிவுகளுக்கான அறிவிப்பு தொடங்கியது.

“கோபத்தில் சொல்கிறீர்களா?”

“ஆமாம்” என்றாள். “ஆனால் விழுந்தது.”

ஒகமோட்டோ உறையிலிருந்து தன் தாளை வெளியே எடுத்தார். பென்சிலை அவளிடம் நீட்டினார்.