வேலிக்குள் நிற்கும் மரம்

ஈப்போ ரயில் நிலையத்துக்கு எதிரே கம்பி வேலிக்குள் ஒரு மரம் நிற்கிறது. மகளின் உடலை மாலையில்தான் தருவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டதால், தனபாக்கியமும் அவள் கணவன் சன்னாசியும் அதன் நிழலில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். செம்பனைத் தோட்டத்தில் களைக்கு அடித்து மிஞ்சிய மருந்தைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தவன் சன்னாசி. பள்ளி விட்டு வந்த பிள்ளை தாகத்தில் அதை எடுத்துக் குடித்துவிட்டது.

மாணவர்களோடு வந்த ஒரு ஆசிரியை வேலியருகே நின்றாள். "இதான் ஈப்போ மரம். இதோட பாலு விஷம். அந்தக் காலத்துல அம்பு நுனியில தடவி வேட்டையாடுவாங்க. இந்த மரத்தாலதான் நம்ம ஊருக்கே இந்தப் பேரு."

"தொட்டா செத்துருவோமா டீச்சர்?"

"யாரும் தொடக் கூடாதுன்னுதான் வேலி போட்டு, போர்டும் வச்சிருக்காங்க."

பிள்ளைகள் சிரித்துக்கொண்டே போனார்கள். சன்னாசி எழுந்து போய், எதிர்க்கடையில் குளிர்பானம் ஒன்று வாங்கிவந்து, மூடியைத் திறந்து மனைவியிடம் நீட்டினான். நேற்றிலிருந்து அவனிடம் ஒரு வார்த்தை பேசாத தனபாக்கியம் அதை வாங்கி முகர்ந்து பார்த்தாள். பிறகு அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"மொதல்ல நீங்க குடிங்க."