கையை விடாத ஆள்

"அந்த ஆளு உன் கையை விடவே மாட்டேங்கிறானாமே?" என்று கேட்டாள் லியான்.

பார்வையில்லாத மகள் மார்னி ஷூவை மாட்டியபடி சிரித்தாள். "யாரு, டெஸ்ஸைச் சொல்றியா? ஆமா. அதுக்கென்னம்மா?"

"அம்பது வயசுக்காரனுக்குப் பத்தொன்பது வயசுப் பொண்ணு கையில என்ன வேலை? பார்வையில்லாதவங்க மீன்பிடிக் குழுவுல தொண்டு செய்யறேன்னு வர்றவன் எல்லாம் யோக்கியனா?"

"தூண்டில்ல முடிச்சுப் போடக் கத்துக்கணும்னா கையைப் பிடிச்சுத்தானே ஆகணும்?"

அந்தச் சனிக்கிழமை, லியான் மகளுக்குத் தெரியாமல் செடுனா ஊர்ப் படகுத்துறை வரை அவள் பின்னாலேயே போனாள். துறையின் நுனியில் அவன் மார்னியை ஒட்டி நின்று, அவள் விரல்களைப் பற்றியிருந்தான்.

"விடுடா கையை!" என்று கத்தினாள்.

அவன் பதறிப் பின்வாங்கினான். மார்னி அவனைச் சட்டென்று இழுத்து நிறுத்தினாள். "டெஸ், அசையாதீங்க! ரெண்டடி பின்னால கடல்."

பிறகு குரல் வந்த பக்கம் திரும்பினாள். "அம்மா, இவருக்குக் கண்ணு போய் மூணு மாசம்தான் ஆகுது. இங்க தொண்டு செய்யறது நான்."



"உங்கம்மாவா மார்னி அது?" என்றார் டெஸ்.

"ஆமா. இன்னைக்கு நீங்க பிடிக்கிற மீனை அவங்கதான் பொரிச்சுத் தரப்போறாங்க."