பழனாத்தாள் சும்மாதான் இருக்கிறாள்

"ஏ பழனாத்தா! பெருந்துறைக்காரங்க வந்துட்டாங்க. தறியை நிறுத்திப்போட்டு, காப்பி வெச்சு எடுத்துட்டு வா!"

பின்பக்கத் தறிக்குடோனைப் பார்த்துக் கத்திவிட்டு, தம்பிதுரை வந்தவர்கள் பக்கம் திரும்பி எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். சோபாவில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவரும், பக்கத்தில் ஓர் இளம்பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் அவர்கள் வந்த கார் பளபளவென்று நின்றது.

"பெருந்துறையில இருந்து பாக்க வாராங்களாமுங்க" என்று பழனாத்தாள் நேற்று சொன்னபோது அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மகன் மனோஜ்குமாருக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. சோமனூரைச் சுற்றியுள்ள தரகர்கள் எல்லாம் இப்போது அவருடைய போனை எடுப்பதில்லை. இந்த நிலைமையில் வருகிறவர்களைக் கேள்வி கேட்பாரா? மகனைச் சவரம் செய்ய வைத்து, வெள்ளைச் சட்டை மாட்டி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்.

பெண்ணையே கூட்டிக்கொண்டு வந்ததுதான் கொஞ்சம் உறுத்தியது. போகட்டும், மூக்கும் முழியுமாக இருக்கிறாள். காரைப் பார்த்தாலே பெரிய இடத்துப் பெண் என்று தெரிகிறது.

"அம்மா வரட்டுங்க. அவங்ககிட்டச் சித்த பேசோணும்" என்றார் வந்தவர்.

"அவகிட்டப் பேச என்னங்க இருக்குது? எதுவா இருந்தாலும் என்னையக் கேளுங்க."

அந்தப் பெண் கேட்டாள். "அம்மா என்னங்க பண்றாங்க?"

"ஒண்ணும் பண்றதில்லீங்க. ஊட்டுல சும்மாதான் இருக்கறா. எங்க வம்சத்துலயே பொம்பளைங்க வேலைக்குப் போனதில்லீங்க. அதெல்லாம் இல்லாதபட்டவங்க பண்றது."

"அப்ப, தறியை யாருங்க ஓட்டறது?"

"மயிலாத்தாள்னு ஒருத்தி வேலைக்கு இருக்கறா. பாதித் தறி அவ ஓட்டுவா. மீதியை இவ பாத்துக்குவா."

"அப்ப அம்மாவும் வேலை செய்யறாங்கதானே?"

தம்பிதுரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மயிலாத்தா செய்யறது வேலைங்க. கூலி வாங்கறாளே! நம்ம ஊட்டுப் பொம்பளை நம்ம தறியை ஓட்டறதைப் போயி யாராச்சும் வேலைம்பாங்களா? பொழுது போகோணுமில்லீங்க?"

வந்தவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பெண் விடவில்லை. "தறி ரிப்பேர் ஆனா மெக்கானிக் வருவாங்களா?"

"மெக்கானிக்கா? இவளே கழட்டி மாட்டிப்போடுவா."

"புதுசா வேலைக்கு வர்றவங்களுக்குச் சொல்லிக்குடுப்பாங்களா?"

"ஒடிசாவுல இருந்து ரெண்டு புள்ளைங்க வந்துச்சுங்க. பாஷை தெரியாது, தறியைக் கண்டாலே பயம். ஒரே மாசத்துல ஓட்ட வெச்சுட்டா. அதைப் பாத்துப்போட்டுப் பக்கத்துக் குடோன்காரன் சேத்துக் கூலி குடுத்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிட்டான்!"

மாமியாரைப் பற்றி இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிற பெண்ணை நினைத்து அவர் உருகிப்போனார். "ஒண்ணு சொல்றேன் கண்ணு. உனக்கும் இங்க அதே மாதிரிதான். ராணியாட்டச் சும்மா இருக்கலாம்."

"எனக்குங்களா?" என்று அவள் விழித்தாள்.

அதற்குள் பழனாத்தாள் காப்பித் தட்டோடு வந்தாள். சேலை மாற்றியிருந்தாள். முடியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்ட நேரம் கிடைக்கவில்லை போலும். அவளைப் பார்த்ததும் அந்தப் பெண் சட்டென்று எழுந்து கும்பிட்டாள். தன் மனைவிக்காக ஒருவர் எழுந்து நின்று தம்பிதுரை பார்த்ததில்லை. மரியாதை தெரிந்த குடும்பம் என்று நினைத்துக்கொண்டார்.

"அம்மா, குடோனைப் பாக்கலாமுங்களா?"

மூவரும் பின்பக்கம் போனார்கள். சொத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்கிறார்கள், நியாயம்தானே? உள்ளே ஒரு தறி நின்றது, மறுபடி ஓடியது. இன்னொன்று நின்றது, ஓடியது. தம்பிதுரை மகனின் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தார்.

திரும்பி வந்தவரின் முகத்தில் நல்ல வெளிச்சம். "எங்களுக்குப் பரம திருப்திங்க. பேச்சே இல்லை."

"அப்ப நிச்சயத்தை எப்ப வெச்சுக்கலாமுங்க?" தம்பிதுரை துள்ளி எழுந்தார்.

"நிச்சயமா?" அந்தப் பெண் மனோஜ்குமாரின் வெள்ளைச் சட்டையை அப்போதுதான் கவனித்தாள். புரிந்ததும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"நாங்க உங்க பையனைப் பாக்க வர்லீங்க. என்ற பேரு அன்புக்கரசி. பெருந்துறையில இவரோட துணிக் கம்பெனியில மேனேஜரா இருக்கறேன். எங்கம்மா கூலிக்குத் தறி ஓட்டித்தான் என்னையப் படிக்க வெச்சாங்க. புதுசா வர்ற புள்ளைங்களுக்குத் தறி சொல்லிக்குடுக்க ஆள் தேடிட்டு இருந்தோம். இந்த அம்மாதான் போன் பண்ணி வேலை கேட்டாங்க. அனுபவம் எப்படீன்னு விசாரிக்கலாம்னு வந்தோமுங்க. நீங்களே ஒண்ணு விடாமச் சொல்லிட்டீங்க."

தம்பிதுரையின் முகம் கறுத்தது. மனைவி பக்கம் பாய்ந்தார். "வேலைக்குப் போறியா நீயி? என்ற மானம் போறதுக்கா?"

"மானம் எங்கீங்க போகுது? அது இங்கயேதான் இருக்கும். நான் மட்டுந்தான் போறேன்" என்ற பழனாத்தாள், அன்புக்கரசியிடம் திரும்பினாள். "கம்பெனி வேன் காலையில எத்தனை மணிக்கு வரும், கண்ணு?"